ஆட்டிசம் மரபணு ஆராய்ச்சிக்குக் கொட்டுகிற பணத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

அமெரிக்காவில் ஆட்டிசம் மரபணு ஆராய்ச்சிக்கும் மூளை ஆராய்ச்சிக்கும் கோடி கோடியாகக் கொட்டுகிறார்களே, இன்று ஆட்டிசத்தோடு வளர்கிற ஒரு பிள்ளைக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் படித்தால் நீங்களும் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெரபி தெரபியாக அலைகிறவர் என்றுதான் தோன்றுகிறது. அலையாதவருக்கு இந்தக் கோபம் வராது.

என் மகனுக்கு 14 வயது. அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. எந்த ஆராய்ச்சியும் அவனைப் பேச வைக்கவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தின் தலையில் எட்டு வருஷமாக ஏறி உட்கார்ந்திருந்த ஒரு பழியை ஒரு ஆராய்ச்சி இறக்கி வைத்தது. அந்தப் பழியை அதிகம் சுமந்த மனிதர் அதற்குள் போய்விட்டார். அதைத்தான் எழுதப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. நியூ ஜெர்சியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மகனுக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. நான் கட்டியிருப்பது சொந்த அத்தை மகனை. என் அப்பா தன் அக்கா வீட்டில் பெண்ணைக் கொடுத்தால் கண் கலங்காமல் வைத்திருப்பார்கள் என்று நினைத்துச் செய்த கல்யாணம். அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 2011-ல் மகன் பிறந்தான். 2014-ல் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஊரில் விஷயம் தெரிந்த அன்றே ஆரம்பித்தது. "ஒண்ணுக்குள்ள ஒண்ணு கட்டுனா இப்படித்தான் ஆகும்." கல்யாண வீட்டில் சொன்னார்கள், துக்க வீட்டில் சொன்னார்கள். அதே மாதிரி சொந்தத்தில் கட்டிக்கொண்டு நாலு பிள்ளை பெற்றவர்களும் சொன்னார்கள். நான் அதைத் தாங்கிக்கொண்டேன், கடல் தாண்டி இருக்கிறேன். அப்பாதான் உடைந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போதெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். "நான்தான் தாயி உன்னையக் கெடுத்துட்டேன். வெளிய குடுத்திருக்கணும்." அத்தை பக்கத்தில் இருந்தாலும் சொல்வார். அக்காவும் தம்பியும் ஒரே தெருவில் இருந்துகொண்டு முகம் பார்த்துப் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள்.

இங்கே டாக்டர் அப்போது இரண்டு மரபணுப் பரிசோதனைகள் எழுதினார். குரோமோசோமில் பெரிய துண்டு ஏதாவது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் மைக்ரோஅரே ஒன்று. ஃப்ராஜைல் எக்ஸ் என்ற, ஒரே மரபணுவின் பழுதால் அறிவு வளர்ச்சி குன்றும் நோய் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டிலும் ஒன்றும் இல்லை. அடுத்தது எக்ஸோம், அதாவது மரபணுக்களை எழுத்து எழுத்தாகப் படிப்பது. அதற்கு எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி மறுப்புக் கடிதம் அனுப்பியது. முடிவு தெரிந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை, ஆகவே மருத்துவத் தேவை இல்லை என்று ஒரு வரி. மேல்முறையீடு செய்தோம், அதே வரி திரும்ப வந்தது. கைக்காசு போட்டால் பல ஆயிரம் டாலர். அப்போது ஸ்பீச் தெரபிக்கே கடன் வாங்கிக்கொண்டிருந்தோம்.

அவனைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். தலை பெரிது. டி-ஷர்ட் வாங்கினால் கழுத்தைக் கத்தரித்துத் தைத்துத்தான் போட்டு விடுவேன். "தாத்தா தலை" என்று வீட்டில் கொஞ்சுவோம். இரண்டாவது, மலச்சிக்கல். ஐந்து நாள், ஆறு நாள் போகமாட்டான். ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைச் சோபாவின் கைப்பிடியில் அழுத்திக்கொண்டு குப்புறக் கிடந்து அலறுவான். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை. தெரபிஸ்ட் அதை "பிஹேவியர்" என்று தாளில் குறித்தார். குழந்தை டாக்டர் காய்கறி கொடுங்கள் என்றார். அத்தை விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார்கள். உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து ஊட்டியிருக்கிறேன். எதைச் செய்தாலும் அம்மா சரியாகச் சாப்பாடு கொடுக்கவில்லை என்பதில்தான் எல்லோரும் வந்து முடிப்பார்கள்.

2018-ல் ஒரு தோழி ஸ்பார்க் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் சைமன்ஸ் அறக்கட்டளை என்ற தனியார் அமைப்பு 2016-ல் தொடங்கிய ஆட்டிசம் மரபணு ஆய்வு. பிள்ளை, அம்மா, அப்பா மூன்று பேரின் எச்சிலையும் வாங்கி மரபணுவைப் படிப்பார்கள். காசு கிடையாது, பெட்டி வீட்டுக்கே வரும். இது ஆராய்ச்சி, பதில் வர நாளாகும், வராமலே போகலாம் என்று முதலிலேயே தெளிவாக எழுதியிருந்தார்கள். பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தோம். எனக்கும் அவருக்கும் ஆளுக்கொரு குழாய். அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, கோடு வரை எச்சில் துப்ப வேண்டும். நுரை கணக்கில் வராது. வாய் வறண்டு போய் எலுமிச்சம்பழத்தை நினைத்து நினைத்துத் துப்பினேன். மகனுக்குத் துப்பத் தெரியாது. அவனுக்குக் குச்சி நுனியில் பஞ்சு வைத்து அனுப்பியிருந்தார்கள், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒற்றி எடுக்க வேண்டும். பல் துலக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டிய பிள்ளை. முதல் குச்சியைக் கடித்துத் துப்பினான். அப்புறம் அவன் தூங்கின பிறகு, செல்போன் வெளிச்சத்தில், ஒவ்வொரு குச்சியாக உதட்டை விலக்கி ஒற்றினேன். என் வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்து வைத்திருந்தார். மறுநாள் தபாலில் போட்டோம்.

2021 மே மாதம் கொரோனா இரண்டாவது அலையில் அப்பா போய்விட்டார். விமானத்துக்கு வழியில்லை. வீடியோவில் பார்த்தேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

2022-ல் ஈமெயில் வந்தது, உங்கள் குடும்பத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது என்று. மரபணு ஆலோசகர் ஒரு பெண், போனில் பொறுமையாகச் சொன்னார். 14-ஆவது குரோமோசோமில் சிஎச்டி8 என்றொரு மரபணு. கருவில் மூளை உருவாகும்போது மற்ற நூற்றுக்கணக்கான மரபணுக்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி மாதிரி. என் மகனுக்கு அதில் ஒரு பிரதி பாதியில் நின்றுபோயிருக்கிறது. அந்த மாற்றம் என்னிடம் இல்லை, என் வீட்டுக்காரரிடமும் இல்லை. அவனில் புதிதாக வந்தது.

நான் மூன்று தரம் கேட்டேன். எங்களிடமிருந்து வரவில்லையா? இல்லை. சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? இல்லை.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் மரபணு என்றாலே பரம்பரை, பரம்பரை என்றாலே அம்மா அப்பா செய்த தப்பு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான மரபணுக்களில் நமக்கு இரண்டு பிரதி உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. சொந்தத்தில் கட்டும்போது உள்ள ஆபத்து, தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரே பழுதான பிரதி இரண்டு பக்கமும் இறங்கிவந்து பிள்ளையிடம் ஜோடி சேர்ந்துவிடுவது. என் மகனுக்கு அப்படி இல்லை. ஒரு பிரதி நன்றாகவே இருக்கிறது. இன்னொன்று புதிதாக உடைந்தது. பிறக்கிற ஒவ்வொரு மனிதனிடமும் பெற்றோரிடம் இல்லாத புது மாற்றங்கள் அறுபது எழுபது இருக்கும், உங்களிடமும் என்னிடமும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாத இடத்தில் விழும். அவனுக்கு மேஸ்திரி மேல் விழுந்துவிட்டது. நான் வெளியில் கட்டியிருந்தாலும் விழுந்திருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, சொந்தத்தில் கட்டலாம் என்று பிரசாரம் செய்கிறாள் என்று யாராவது வருவீர்கள். செய்யவில்லை. ஜோடி சேர்ந்து வரும் நோய்கள் நிஜம். பாஸ்டனில் கிறிஸ்டோபர் வால்ஷ் குழு 2008-ல் மத்திய கிழக்கில் உறவில் மணந்த குடும்பங்களை ஆராய்ந்து, ஆட்டிசத்திலும் அப்படிப்பட்ட மரபணுக்கள் சிலவற்றைக் கண்டுபிடித்திருக்கிறது. என் மகளுக்கு நானே அத்தை மகன், மாமன் மகன் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஒரு பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் இதனால்தான் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை ஊருக்குக் கிடையாது.

சிஎச்டி8 என்று தெரிந்ததும் படிக்க ஆரம்பித்தேன். ரஃபேல் பெர்னியர் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். இந்த மரபணு உடைந்த 15 பேரைத் தேடிப்பிடித்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆட்டிசம், பெரிய தலை, தூக்கமின்மை, தீராத மலச்சிக்கல். அதோடு நிறுத்தாமல் சின்ன வரிக்குதிரை மீனில் அதே மரபணுவை முடக்கிப் பார்த்தார்கள். மீனுக்கும் தலை பெருத்தது, குடலில் உணவு நகர்வது மந்தமானது. குடலை அசைக்கும் நரம்பு செல்கள் குறைந்துபோயிருந்தன. ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். காய்கறி கொடுக்காததால் வந்த வலி இல்லை அது. சோபா கைப்பிடியில் குப்புறக் கிடந்ததும் பிஹேவியர் இல்லை. அந்தக் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு குடல் டாக்டரிடம் போனேன். தினமும் கொடுக்கிற மருந்தும், அளவை ஏற்றி இறக்கும் முறையும் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் ராத்திரி அலறல் நின்றது. சிகிச்சை மாறப்போவதில்லை என்று எழுதிய இன்சூரன்ஸ்காரருக்கு இதைக் காட்ட வேண்டும் என்று இன்றைக்கும் மனது துடிக்கிறது.

தேதிகளைப் பாருங்கள். கட்டுரை வந்தது 2014. என் மகனுக்கு ஆட்டிசம் என்று சொன்னதும் 2014. அந்தப் பதில் என் வீட்டுக்கு வந்தது 2022. நடுவில் அப்பா. அமெரிக்காவில் மரபியல் மருத்துவர்களின் சங்கமான ஏசிஎம்ஜி, வளர்ச்சி தாமதமான பிள்ளைகளுக்கு எக்ஸோமை ஆரம்பத்திலேயே செய்யலாம் என்று 2021-ல்தான் பரிந்துரைத்தது. ஆராய்ச்சிக்குப் பணம் வீண் என்று நீங்கள் சொல்கிறீர்கள். கண்டுபிடித்ததை வீடு வரை கொண்டுவந்து சேர்க்கப் பணம் போடவில்லை என்பதுதான் என் கோபம்.

பதில் வந்த ராத்திரி அத்தைக்குப் போன் செய்தேன். நம்ம ரத்தத்துல எதுவும் இல்லையாம் அத்தை, சொந்தத்துல கட்டுனதால வரலையாம் என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இது தம்பிக்குத் தெரியாமப் போச்சே" என்றார்கள்.

எல்லோருக்கும் இப்படிப் பதில் கிடைப்பதில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பார்க்கில் இப்படித் தெளிவான ஒரு மரபணுக் காரணம் கிடைப்பது பத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான். மற்றவர்களுக்குச் சின்னச் சின்ன மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வருவது, ஒன்றைக் காட்டி இதுதான் என்று சொல்ல முடியாது. 2020-ல் 35,000-க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களைப் படித்து 102 மரபணுக்களைப் பட்டியல் போட்டார்கள். 2025 ஜூலையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் சைமன்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து ஸ்பார்க்கில் உள்ள 5,000-க்கும் அதிகமான பிள்ளைகளை ஆராய்ந்து, நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். வளர்ச்சி தாமதமாகாத ஒரு வகையில், பழுதான மரபணுக்கள் பெரும்பாலும் பிறந்த பிறகு வேலை செய்பவை. வளர்ச்சி தாமதமான வகையில் கருவிலேயே வேலை செய்பவை. என் மகனைப் பார்த்து "என் பிள்ளை அப்படி இல்லையே, நல்லாப் பேசுறானே" என்று இன்னொரு ஆட்டிசம் அம்மா சொல்லும்போது எனக்கு வரும் வலிக்கு இந்த ஒரு ஆய்வு மருந்து. ஒரே பெயரில் வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன.

மருந்து வந்ததா என்றால், ரெட் சிண்ட்ரோமுக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு வரும், ஒரே மரபணுவின் பழுதால் பேச்சும் கை வேலையும் போய்விடும் நோய் அது. ஹூடா சோக்பியின் ஆய்வகம் அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தது 1999. அமெரிக்காவில் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2023 மார்ச். இருபத்துநாலு வருஷம். ஃப்ராஜைல் எக்ஸுக்குப் பெரிய மருந்துக் கம்பெனிகள் நடத்திய சோதனைகள் எலியில் ஜெயித்து மனிதரில் தோற்றன. சிஎச்டி8-க்கு ஒன்றும் இல்லை. ஹார்வர்டில் பாவ்லா ஆர்லோட்டா குழு எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மனித ஸ்டெம் செல்லிலிருந்து மிளகு அளவுக்கு மூளைத் திசு வளர்த்து, சிஎச்டி8 உடைந்தால் எந்த நரம்பு செல்கள் நேரம் தப்பி உருவாகின்றன என்று 2022-ல் காட்டியது. என் மகனுக்கு அது எட்டாது என்று எனக்குத் தெரியும். இனிப் பிறக்கும் ஒரு பிள்ளைக்கு எட்டட்டும்.

பழி என்று சொன்னேன் இல்லையா, அது இந்த விஷயத்தோடு பிறந்தது. 1943-ல் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி முதன்முதலில் எழுதினார். அதன்பின் ஒரு தலைமுறை முழுக்க, பாசமில்லாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று டாக்டர்களே சொன்னார்கள். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டையர்களைப் பார்த்து, இதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு மெல்லக் குறைந்தது. குறைந்தது, ஒழியவில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று வெள்ளை மாளிகையில், கர்ப்பிணிகள் டைலினால், அதாவது பாராசிட்டமால் மாத்திரை, சாப்பிடக் கூடாது, ஆட்டிசத்தோடு தொடர்பு இருக்கிறது என்று அறிவித்தார்கள். அன்று ராத்திரியே எனக்கு ஊரிலிருந்து ஆறு பார்வர்டு. "நீ மாசமா இருக்கப்போ காய்ச்சலுக்கு மாத்திரை போட்டியே." ஸ்வீடனில் ஏறத்தாழ 25 லட்சம் பிள்ளைகளை ஆராய்ந்த 2024 ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு காணாமல் போனது. அதை யாரும் பார்வர்டு செய்யவில்லை. சிஎச்டி8 அறிக்கை கையில் இருந்ததால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வந்தது. இல்லாத அம்மாக்கள் எத்தனை பேர் அழுதிருப்பார்கள்?

அதே நாளில்தான் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் ஆட்டிசம் தரவு ஆராய்ச்சிக்கு 13 திட்டங்களுக்காக 5 கோடி டாலர் அறிவித்தது. மரபணுவையும் சூழலையும் சேர்த்துப் பார்க்கும் திட்டங்கள், அதில் எனக்குக் குறை இல்லை. அமெரிக்க அரசு ஆட்டிசம் ஆராய்ச்சிக்கும் சேவைகளுக்கும் பணம் ஒதுக்க வழிசெய்யும் சட்டத்தை 2024 டிசம்பரில் மேலும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தது. தனியார் பணத்தில் சைமன்ஸ் அறக்கட்டளைதான் பெரிது. கணித மேதையாக இருந்து, பங்குச் சந்தையில் சம்பாதித்த ஜிம் சைமன்ஸ் கொடுத்தது. அவர் 2024 மே மாதம் காலமானார். கணக்கு பார்க்கிறவளாக ஒன்று சொல்கிறேன். இந்த மொத்தத்தில் வளர்ந்த ஆட்டிசம் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதற்குப் போவது மிகச் சிறிய துண்டு. என் மகனுக்கு 21 வயது முடியும் அந்தப் பள்ளி ஆண்டோடு ஸ்கூல் பஸ் நின்றுவிடும். அப்புறம் காலையில் எழுந்து அவன் எங்கே போவான்? இதை நீங்கள் கேட்டிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் கேட்பேன். ஆனால் மரபணுவிலிருந்து பிடுங்கி அங்கே போடு என்று சொல்லமாட்டேன். இரண்டுக்கும் போடட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. மகனுக்கு மூன்று வயதில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், வீட்டில் தமிழ் பேசாதீர்கள், இரண்டு மொழி அவனைக் குழப்பும் என்றார். நம்பினோம். நாலு வருஷம் அவனிடம் இங்கிலீஷ் மட்டும் பேசினோம். நான் இங்கிலீஷில் கொஞ்சத் தெரியாதவள். "கம், ஈட், சிட்" என்று ஒரு வாத்தியார் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன் பெற்ற பிள்ளையிடம். அத்தை ஆறு மாதம் வந்து இருந்துவிட்டு, பேரனிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் ஊமையாகத் திரும்பிப் போனார்கள். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் பிள்ளைகளுக்குப் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்று ஆய்வு மேல் ஆய்வாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாலு வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் இவனுக்கு டீச்சர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வீட்டில் தமிழ்தான். "சாமி, தோசையா இட்லியா" என்றால் ஐபாடில் தோசைப் படத்தைத் தொடுகிறான்.

நீங்கள் இந்தியாவில் இருந்தால் ஸ்பார்க்கில் சேர முடியாது, அது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும். ஆனால் எக்ஸோம் இப்போது அங்கேயும் செய்கிறார்கள். செய்வதானால் ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருங்கள். பிள்ளையின் ரத்தத்தை மட்டும் அனுப்பாமல், அம்மா அப்பா இரண்டு பேருடையதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ட்ரையோ என்று கேளுங்கள். செலவு கூடும். ஆனால் மூன்று பேருடையது இருந்தால்தான் புதிதாக வந்ததா, இறங்கி வந்ததா என்று தெரியும். கோயம்புத்தூரில் என் சினேகிதி ஒருத்தி பிள்ளைக்கு மட்டும் செய்து, "பொருள் தெரியாத மாற்றம்" என்று எழுதிய தாளோடு உட்கார்ந்திருக்கிறாள். உலகத்தில் இதுவரை படித்த மரபணுக்களில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம்மவர்களிடம் சாதாரணமாக இருக்கும் மாற்றமா, நோய் தரும் மாற்றமா என்று ஒப்பிட ஆள் போதவில்லை. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அது உதவும்.

அவளுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதே பரிசோதனைக் கூடத்திடம் பழைய தரவை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் வயதானவர்கள் யாராவது இது தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் சீக்கிரமே கேளுங்கள்.